மந்திர ஆயுதம் செய்வது எப்படி? டி அண்ட் டி மேசைக்கு பாரதக் கூத்து சொல்லும் கணக்கு

சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் விஜயபுரம், நகரி, புத்தூர் வட்டாரம் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கும் பகுதி. இந்த மாவட்டங்களில் திரௌபதி அம்மன், தர்மராஜா கோயில்களில் பாரதத் திருவிழா நடக்கும். பல இடங்களில் 18 நாள். பகலில் பாரதக் கதை, இரவில் தெருக்கூத்து, முடிவில் தீமிதி. அதில் ஒரு நாள் அர்ஜுனன் தபசு. வேடம் கட்டியவர் நெடுநெடுவென நிற்கும் தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறுவார். உச்சிக்குப் போய் எலுமிச்சம்பழம், பூ, விபூதி என்று கீழே போடுவார். கூட்டம் முந்தானையில் ஏந்திப் பிடிக்கும்.

இவ்வளவு பாடும் ஓர் ஆயுதத்துக்காக. அதன் பெயர் பாசுபதாஸ்திரம்.

நீங்கள் வார இறுதியில் நண்பர்களோடு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுபவரா? ஆட்டத்தை நடத்தும் டிஎம் பொறுப்பில் இருந்துகொண்டு, 'நம்ம ஆளுக்கு ஒரு செம வாள் குடுக்கலாமே' என்று எப்போதாவது யோசித்தீர்களா? அப்படியென்றால் அந்தத் தபசு மரத்திடம் உங்களுக்குக் கொஞ்சம் வேலை இருக்கிறது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கி 1974-ல் வெளிவந்த ஆட்டம் இது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு பாத்திரமாகக் கதை சொல்லி ஆடுவது. அடி பட்டதா, தப்பியதா என்பதை 20 முகப் பகடை முடிவு செய்யும். உலகத்தையும் அரக்கர்களையும் ஆட்டுவிப்பவர் டன்ஜன் மாஸ்டர், அதாவது டிஎம். விதிப் புத்தகத்தில் இல்லாததை அவர் தானாக எழுதிச் சேர்த்தால் அதற்கு ஹோம்ப்ரூ என்று பெயர். புது டிஎம்கள் பெரும்பாலும் முதலில் கை வைப்பது ஆயுதத்தில்தான்.

அது தப்பானால் என்ன ஆகும்? ஐந்து பேர், ஐந்து ஆபீஸ், ஐந்து ஷிஃப்ட். அடித்துப் பிடித்து மாதத்தில் இரண்டு சனிக்கிழமை நான்கு மணி நேரம் ஒதுக்குகிறார்கள். அதில் ஒருவர் கையில் எல்லாவற்றையும் ரெண்டே வெட்டில் முடிக்கும் வாள் இருந்தால், மற்ற நான்கு பேரும் போனை எடுத்துவிடுவார்கள். யாரும் சண்டை போட்டுப் பிரிவதில்லை. 'இந்த வாரம் கொஞ்சம் வேலை இருக்குடா' என்ற மெசேஜ் வரும், அடுத்த வாரமும் வரும், பிறகு குரூப் அமைதியாகிவிடும். ஆயுதத்தைச் சமன் செய்வது அரக்கனைக் காப்பாற்ற அல்ல, அந்த நான்கு பேரின் சனிக்கிழமையைக் காப்பாற்றத்தான்.

முதலில் எண்களைப் பார்த்துவிடுவோம்

பயப்பட வேண்டாம், எட்டாம் வகுப்புக் கணக்குதான். சாதாரண நீள்வாளின் சேதம் ஓர் எட்டு முகப் பகடை. அதன் சராசரி 4.5. வீரரின் பலத்துக்கு 3 சேர்த்தால் 7.5. எதிரியின் மீது பட 20 முகப் பகடையில் 8 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20-ல் 13 வாய்ப்பு, அதாவது 65 சதவீதம். 7.5-ஐ 0.65-ஆல் பெருக்கினால் ஒரு வீச்சுக்குச் சுமார் 4.9. கிரிட்டிகல் அடியைக் கணக்கில் சேர்க்கவில்லை, ஒப்பிட இது போதும்.

இப்போது அதே வாளை +1 ஆக்குங்கள். சேதமும் கூடுகிறது, படும் வாய்ப்பும் 70 சதவீதமாகிறது. 8.5 பெருக்கல் 0.70, அதாவது 5.95. வெறும் 'ஒன்று' என்று நினைத்தது 22 சதவீத உயர்வு. +3 என்றால் 10.5 பெருக்கல் 0.80, அதாவது 8.4. உயர்வு 70 சதவீதத்தைத் தாண்டிவிடும். ஐந்தாம் பதிப்பில் எதிரிகளின் கவசம் லெவலுக்கு லெவல் எகிறுவதில்லை, மெதுவாகத்தான் ஏறும். அதனால் ஒவ்வொரு கூட்டலும் கனமாக விழும். 2014-ல் வந்த டிஎம் கையேட்டில் +1 ஆயுதம் தொடக்க நிலையிலேயே கிடைக்கக்கூடியது. +2-ஐ 5-ஆம் லெவலுக்கு மேல், +3-ஐ 11-க்கு மேல் என்று வைத்திருப்பது இதனால்தான்.

கூடுதல் பகடை இன்னும் ஏமாற்றும். ஃப்ளேம் டங் என்ற புகழ்பெற்ற தீ வாளை எடுத்துக்கொள்வோம். படும் ஒவ்வொரு முறையும் இரண்டு ஆறு முகப் பகடை, சராசரி 7, கூடுதல் சேதம். நம் கணக்கில் வீச்சுக்கு 9.4 வருகிறது. கிட்டத்தட்ட இரட்டிப்பு. அதிகாரபூர்வப் புத்தகத்திலேயே இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது, ஆனால் அது அட்யூன்மென்ட் கேட்கும் ஆயுதம். ஆயுதத்தோடு நேரம் செலவழித்துப் பிணைப்பு உண்டாக்கிக்கொள்ள வேண்டும். ஒருவர் ஒரே நேரத்தில் மூன்று பொருளோடுதான் அப்படிப் பிணைய முடியும். அந்த மூன்றில் ஒன்று போய்விடுகிறது.

இதில் புது டிஎம் கவனிக்கத் தவறும் ஒரு சொல் உண்டு: 'படும் ஒவ்வொரு முறையும்'. ஐந்தாம் லெவலில் போர்வீரர் ஒரு முறைக்கு இரண்டு வீச்சு வீசுவார், பிறகு இன்னும் கூடும். உங்கள் கூடுதல் பகடையும் கூடவே பெருகும். 'தன் முறைக்கு ஒரு தடவை மட்டும்' என்று ஒரு வரி சேர்த்தாலே பாதிப் பிரச்சினை முடிந்தது. ரோக் வகுப்பின் பதுங்கித் தாக்கும் திறனுக்கு விதிப் புத்தகமே அந்தக் கட்டு போட்டிருக்கிறது.

ஆனால் எண்ணைக் குறைத்தால் மட்டும் நல்ல ஆயுதம் வராது, சுவையில்லாத ஆயுதம் வரும். +1 வாளை யாரும் பெயர் சொல்லி நினைவில் வைப்பதில்லை. கர்ணனின் சக்தி ஆயுதத்தை நினைவில் வைத்திருக்கிறோம். ஏன்?

பாரதம் போட்ட நிபந்தனைகள்

பாரதத்தில் எந்த அஸ்திரமும் லேசுப்பட்டதில்லை. எண் கணக்கில் எல்லாமே அளவு மீறியவை. ஆனாலும் ஆட்டம் 18 நாள் ஓடுகிறது, ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பூட்டு இருக்கிறது.

கர்ணனின் சக்தி ஆயுதம் குறி தவறாது, ஆனால் ஒரே ஒரு முறை. அதற்கு விலையாக உடம்போடு பிறந்த கவச குண்டலங்களை இந்திரனிடம் கழற்றிக் கொடுத்தான். அர்ஜுனனுக்காகப் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை, 14-ஆம் நாள் இரவுப் போரில் கடோத்கஜன் மீது வீச வேண்டியதாகிவிட்டது. டிஎம் கண்ணோடு பாருங்கள். 'ஒரு முறை மட்டும்' என்பது சேதத்தைக் குறைக்கவே இல்லை. ஆனால் இப்போது போடுவதா, வைத்திருப்பதா என்ற தவிப்பை அந்த ஆட்டக்காரரிடம் கொடுக்கிறது. எதிரணிக்கு அதைச் செலவழிக்க வைக்கும் தந்திரத்தையும் கொடுக்கிறது. ஒரு நிபந்தனை, இரண்டு பக்கத்துக்கும் ஆட்டம். நாகாஸ்திரத்தை ஒரு தடவைக்கு மேல் ஏவக் கூடாது என்று குந்தி வரம் வாங்கும் கதையை 1964-ல் வந்த 'கர்ணன்' படத்தில் பார்த்திருப்பீர்கள். அங்கேயும் அதே பூட்டுதான்.

நாராயணாஸ்திரம் வேறு வகை, எனக்குப் பிடித்ததும் இதுதான். எதிர்க்க எதிர்க்க அதன் வேகம் கூடும். ஆயுதத்தைக் கீழே போட்டுத் தேரிலிருந்து இறங்கி நின்றால் ஒன்றும் செய்யாது. துரோணர் விழுந்த பிறகு அஸ்வத்தாமன் அதை ஏவ, கிருஷ்ணன் எல்லோரையும் இறங்கச் சொல்கிறான். பீமன் மட்டும் மறுக்கிறான், அவனை இழுத்து இறக்க வேண்டியிருக்கிறது. மேசையில் இப்படியொரு காட்சி வந்தால் அந்தக் குழு வருஷக்கணக்கில் அதைப் பேசும். இங்கே சமன் எதில் இருக்கிறது? எதிரி கண்டுபிடிக்கக்கூடிய ஒரு மாற்று வழியில். துரியோதனன் மறுபடி ஏவச் சொன்னபோது, அது முடியாது என்கிறான் அஸ்வத்தாமன்.

பிரம்மாஸ்திரத்தில் பூட்டு ஆயுதத்தில் இல்லை, ஆளிடம். அர்ஜுனனுக்கு ஏவவும் தெரியும், திரும்பப் பெறவும் தெரியும். அஸ்வத்தாமனுக்கு ஏவ மட்டும்தான் தெரியும். இதை அப்படியே ஆட்டத்துக்கு எடுக்கலாம்: ஆயுதத்தின் முழு விதியையும் முதல் நாளே கொடுக்காதீர்கள். பாதி இப்போது, மீதி இரண்டு லெவல் கழித்து, அதுவும் யாரிடமாவது கற்றுக்கொண்டால்.

பாசுபதத்துக்குத் தபசு ஒரு விலை. அது தவிர, தன்னைவிட எளிய எதிரி மீது ஏவக் கூடாது என்ற விதியும் உண்டு. சும்மா வழியில் வந்த நாலு கோப்ளினை எரிக்க அது கிடைக்காது.

சாபம் வைத்தால் சரியாகிவிடுமா?

பலரும் செய்வது இது: ஆயுதம் ரொம்ப பலமாகப் போய்விட்டது, ஒரு சாபம் ஒட்டிவிடுவோம். பரசுராமர் கர்ணனுக்குக் கொடுத்த சாபம் நல்ல சாபம். தேவையான நேரத்தில் மந்திரம் மறக்கும், இழப்பு கர்ணனுக்கு. இதற்கு எதிர்ப்பக்கம் அதிகாரபூர்வப் புத்தகத்தில் இருக்கும் பெர்சர்க்கர் கோடரி. அடிபட்டால் வெறி பிடித்து, பக்கத்தில் இருப்பவர் நண்பராக இருந்தாலும் வெட்டத் தோன்றும். கதையாகச் சொன்னால் பிரமாதம். மேசையில், பலம் ஒருவருக்கு, அபராதம் மற்ற நான்கு பேருக்கு. இதைச் சமன் என்று என்னால் சொல்ல முடியாது. விலையை வைத்திருப்பவரே கொடுக்க வேண்டும்.

அதேபோல, இன்னொருவரின் தனித்திறனை ஆயுதத்தில் வைத்துக் கொடுக்காதீர்கள். சாம்பியன் வகைப் போர்வீரருக்குப் பகடையில் 19 விழுந்தாலும் கிரிட்டிகல். அதற்காகத்தான் அவர் அந்த வகையைத் தேர்ந்தெடுத்தார். பக்கத்து ஆளின் கத்திக்கு அதையே கொடுத்தால் கணக்கில் வித்தியாசம் சின்னது, மனசில் பெரிசு.

ஒன்றைச் செய்து பார்ப்போம்

திருப்பதி மாவட்டத்தில் ஏர்ப்பேடு பக்கம் இருக்கிறது குடிமல்லம். அங்குள்ள பரசுராமேஸ்வரர் கோயில் லிங்கம் மிகப் பழமையான சிவலிங்கங்களில் ஒன்று. லிங்கத்தின் முன்பக்கம் நின்ற கோலத்தில் உருவம், ஒரு கையில் ஆடு, இன்னொரு கையில் சிறு கலயம், இடது தோளில் சாய்ந்தபடி ஒரு கோடரி. ஓங்கிய கோடரி அல்ல, தோளில் ஓய்ந்திருக்கும் கோடரி. இந்த ஒரு விவரத்தை மட்டும் கடன் வாங்கி, ஐந்தாம் லெவல் போர்வீரருக்கு 'தோள் கோடரி' என்று ஒன்று எழுதுவோம்.

உற்சாகத்தில் எழுதும் முதல் வரைவு பொதுவாக இப்படி இருக்கும்: +3, படும் ஒவ்வொரு முறையும் இரண்டு ஆறு முகப் பகடை இடி. நம் கணக்கில் 17.5 பெருக்கல் 0.80, வீச்சுக்கு 14. சாதாரண ஆயுதத்தைப் போல கிட்டத்தட்ட மூன்று மடங்கு. வேண்டாம்.

திருத்திய வரைவு: +1, அட்யூன்மென்ட் வேண்டும். மூன்று சார்ஜ், விடியலில் திரும்ப நிரம்பும். அடி பட்ட பிறகு, தன் முறைக்கு ஒன்று வீதம், ஒரு சார்ஜைச் செலவழித்து அந்த இரண்டு பகடைச் சேதத்தைச் சேர்க்கலாம். நிபந்தனை: அந்தச் சண்டையில் உங்களையோ நண்பரையோ முதலில் தாக்கியவர் மீது மட்டும். கூடவே சண்டைக்கு வெளியே ஒரு பயன்: கோடரியைத் தோளில் சாய்த்தபடி சமாதானம் பேசினால், பேச்சுக்கான பகடையை இரண்டு முறை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு நாளில் மூன்று சண்டை, சண்டைக்கு நான்கு சுற்று, சுற்றுக்கு இரண்டு வீச்சு என்றால் 24 வீச்சு. சாதாரண ஆயுதம் மொத்தம் 117. நம் கோடரி, +1 தரும் 143-ஓடு சார்ஜ் தரும் 21-ஐயும் சேர்த்து 164 வரை. ஃப்ளேம் டங் 226. ஆக, +1 ஆயுதத்துக்கு மேலே, தீ வாளுக்கு நன்றாகக் கீழே. ஐந்தாம் லெவலுக்குச் சரியான இடம். அதைவிட, 'முதல்ல நாம அடிக்க வேணாம், அவன் அடிக்கட்டும்' என்று மேசையில் ஒரு பேச்சு கிளம்பும் பாருங்கள், அதற்குத்தான் இந்தக் கோடரி.

பெயர் விஷயத்தில் ஒரு வார்த்தை. திருத்தணி 1960 வரை சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு வேல் என்பது கதைப்பொருள் அல்ல, கும்பிடும் பொருள். புதையல் பெட்டியில் 'முருகன் வேல், +2' என்று எழுதுவதற்கு முன் மேசையில் இருப்பவர்களைக் கேட்டுவிடுங்கள். நான் பெயரை விட்டுவிட்டு நிபந்தனையை மட்டும் எடுப்பேன். நம் மண்ணின் சாயலில் அதிகாரபூர்வமாக வந்தவை குறைவு. 2022-ல் வெளியான ரேடியன்ட் சிட்டாடல் தொகுப்பில் மிமி மொண்டல் எழுதிய வங்கச் சாயல் கொண்ட சாகசம் ஒன்று உண்டு. தெற்கின் சாயலை நாம்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா?

அளவு மீறிய வாள் ஏற்கெனவே ஒருவர் இடுப்பில் தொங்குகிறது என்றால், திருடனை அனுப்பித் தூக்க வைக்காதீர்கள். ஆட்டக்காரருக்கு உடனே புரிந்துவிடும், கோபமும் வரும். ஆட்டம் முடிந்ததும் தனியாகச் சொல்லுங்கள்: 'மச்சி, நான் எழுதினது கொஞ்சம் ஓவராப் போயிடுச்சு, விதியை மாத்தலாமா?' பெரும்பாலும் அவரே ஒரு நிபந்தனை சொல்வார். புது ஆயுதம் கொடுக்கும்போதே 'முதல் மூன்று ஆட்டத்துக்கு இது வெள்ளோட்டம்' என்று சொல்லி வைத்தால் இந்தப் பேச்சு இன்னும் சுலபம்.

கதைக்குள்ளேயே திரும்ப வாங்க வேண்டும் என்றால் அதற்கும் பாரதத்தில் வழி இருக்கிறது. காண்டவ வனத்துக்காக அக்னி வாங்கிக் கொடுத்த காண்டீபத்தை, கடைசியில் அக்னியே வந்து கேட்க, அர்ஜுனன் தன் கையாலேயே கடலில் போடுகிறான்.