புள்ளியில் தொடங்கிய வரிகள்

ஒரு கவிதையின் அடிகளை உரைநடைபோல் சேர்த்து ஓட்டி எழுதிவிட்டால், சொல் ஒன்றும் குறைவதில்லை. ஆயினும் கவிதை குலைந்துபோகிறது. வரி எங்கே முடிய வேண்டும், எவ்வளவு உள்தள்ளித் தொடங்க வேண்டும் என்பவையும் எழுத்தின் பகுதியே. அச்சுக்கூடத்தில் இதனை அச்சுக்கோப்பவரின் கை கவனித்துக்கொண்டது. எழுத்து கணிப்பொறிக்குள் புகுந்தபோது, அந்தக் கையின் பணியை யார் செய்வது என்னும் கேள்வி எழுந்தது.

தட்டச்சுப் பொறியில் டேப் விசையை அழுத்தினால் வண்டி அடுத்த நிறுத்தத்துக்கு ஓடும். நிறுத்தங்களை முன்கூட்டி அமைப்பவர் தட்டச்சர். 1963இல் வெளியான ஆஸ்கி குறிமுறை இந்தத் தாவலுக்கு 9 என்னும் எண்ணை வழங்கியது. வரி இறங்குவதற்கு 10. வண்டி திரும்புவதற்கு 13. ஆனால் 9 என்னும் எண், அடுத்த நிறுத்தத்துக்குப் போ என்று மட்டுமே சொல்லும். நிறுத்தம் எங்கே என்று சொல்லாது. ஒரு பொறியில் நேராக நின்ற அட்டவணை மற்றொன்றில் கோணிப்போவதற்கு இதுவே காரணம்.

1964இல் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜெரோம் சால்ட்ஸர் எழுதிய ‘ரனாஃப்’ என்னும் நிரல் இதற்கொரு வழி காட்டியது. புள்ளியில் தொடங்கும் வரி கட்டளை, மற்றவை உரை. வரியின் நீளம், உள்தள்ளல், வரிகளுக்கிடையே வெளி ஆகிய அனைத்தையும் கோப்புக்குள்ளேயே எவரும் படிக்கக்கூடிய சொற்களால் எழுதிவைக்கலாம். அச்சுக்கோப்பவருக்குச் சொல்ல வேண்டியதைப் பிரதியே சொல்லிற்று.

இச்சிறு ஏற்பாடு பெரியதொரு வரலாற்றுக்குத் துணைநின்றது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் யுனிக்ஸ் பிறந்து தவழ்ந்துகொண்டிருந்த காலம். அக்கூடத்தின் காப்புரிமைப் பிரிவினர் தங்கள் விண்ணப்பங்களைத் தட்டச்சு செய்ய ஒரு பொறியைத் தேடினர். விண்ணப்பப் பக்கங்களில் வரிகளுக்கு எண்ணிட வேண்டும் என்பது விதி. ஜோ ஒசானா அவ்வசதியை வடிவமைப்பு நிரலில் சேர்த்துக் கொடுத்தார். 1971இன் பிற்பகுதியில் மூன்று தட்டச்சர்கள் யுனிக்ஸ் பொறியில் நாள்தோறும் பணிபுரிந்தனர். அந்தப் பொறியின் நினைவகம் 24 கிலோபைட். வட்டு அரை மெகாபைட். அவர்களது பணியின் வெற்றியே, பெரிய பொறியொன்றை வாங்க மேலிடத்தை இசைய வைத்தது. வரிக்கு எண்ணிடுதல் என்னும் சிறு வேலை இல்லாதிருப்பின் யுனிக்ஸ் எவ்வாறு வளர்ந்திருக்கும் என எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

ஒசானா பின்னர் ஒளி அச்சுக்கோப்புப் பொறிக்கென ‘டிராஃப்’ நிரலை எழுதினார். புள்ளியும் டி, ஏ என்னும் இரு ஆங்கில எழுத்துகளும் இட்டு எண்களைத் தந்தால், தாவல் நிறுத்தங்கள் எங்கெங்கே என்பது தெளிவாகும். என், எஃப் என்று எழுதினால் அதன்பின் வரும் வரிகளை உள்ளவாறே விட்டுவிடும். கவிதைக்கு ஏற்ற கட்டளை அன்றோ இது! 1977இல் ஒசானா மறைந்தார். பிரையன் கெர்னிகன் அந்நிரலைப் பிற பொறிகளுக்கும் பொருந்தத் திருத்தினார். யுனிக்ஸ் வழிவந்த அமைப்புகளின் கையேட்டுப் பக்கங்கள் பல இன்றும் புள்ளி வரிகளால்தான் எழுதப்படுகின்றன.

ஈமாக்ஸ், வி, விம் முதலிய தொகுப்பு நிரல்களும் இம்மரபை ஏற்றன. கோப்பின் தலையிலோ வாலிலோ ஒரு வரி எழுதிவைத்தால், டேப் அகலத்தை அந்நிரல் அறிந்துகொள்ளும். எழுத்து இடும் கட்டளைக்குப் படிப்பவன் பொறி பணிவதில் ஆபத்தும் உண்டு. 2019இல் விம் நிரலில் ஒரு குறை வெளிப்பட்டது: தீய நோக்குடன் எழுதிய கோப்பைத் திறந்தாலே, அதிலுள்ள அமைப்பு வரி பிற கட்டளைகளையும் இயக்கிவிடக்கூடும். குறை விரைவில் களையப்பட்டது.

பொறிகள் மாறின, அவற்றைச் செய்தோர் பலரும் மறைந்தனர். தன்னை எவ்வாறு அடுக்க வேண்டும் என்பதைத் தானே கூறும் பிரதி, அடுத்த பொறியிலும் தன் உருவைக் காத்துக்கொள்கிறது. எழுதுவோர் மறவாது கொள்ள வேண்டிய பாடம் இது.