கூழா, களியா? தாது வருடத்துப் பஞ்சம் எழுப்பிய கேள்வி



சென்ற வாரம் சபைக் கமிட்டி கூடியபோது எழுந்த ஒரு பேச்சை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். உத்தனப்பள்ளியைச் சுற்றி ஒப்பந்தத் தொழிலாளர் தங்கியிருக்கும் வரிசை வீடுகளிலுள்ள பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைதோறும் மதியத்தில் ஏதேனும் கொடுக்கலாம் என்று தீர்மானித்தோம். பள்ளி இல்லாத நாளில் சத்துணவும் இல்லை; தாயும் தகப்பனும் ஷிப்டில் இருப்பார்கள். வாலிபர் ஒருவர், “காய்கறி சூப் வைத்துவிடலாம், செலவு குறைவு, சத்தும் உண்டு” என்றார். மூத்த தாயார் ஒருவர் உடனே, “சூப்பைக் குடித்துவிட்டு எந்தப் பிள்ளை ஐயா பசி அடங்கி விளையாடும்?” என்று கேட்டார்கள். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அது பழைய கேள்வி. நம் ஜில்லா ஒருகாலத்தில் உயிரைக் கொடுத்துப் பதில் தேடிய கேள்வி.

முதலில் நம் பேச்சு வழக்கைக் கவனியுங்கள். சோற்றை உண்கிறோம்; கஞ்சியையும் கூழையும் குடிக்கிறோம். காலையில் கூழ் குடித்துவிட்டுக் காட்டு வேலைக்குப் போனவரிடம் “சாப்பிட்டாயிற்றா?” என்றால், “இன்னும் இல்லை, கூழ்தான் குடித்தேன்” என்பார். களியுருண்டையை அவரைக்கொட்டைக் குழம்பில் தோய்த்து விழுங்கியவரோ தயங்காமல் “ஆயிற்று” என்பார். இரண்டும் ஒரே கேழ்வரகு மாவு. தெலுங்கில் சங்கட்டி என்றாலும் கன்னடத்தில் முத்தே என்றாலும் உருண்டை உருண்டைதான்; அந்த உருண்டைக்கும் கூழுக்கும் இடையே இருப்பது தண்ணீர். இந்தப் பக்கத்து மக்கள் மூன்று மொழிகளிலும் அறிந்திருந்த இந்த வேறுபாட்டை 1877-இல் ஆட்சியாளர்கள் எடைக்கல் வைத்து விவாதித்தார்கள்.

பஞ்சகாலக் கஞ்சிக்குச் சென்னையில் அதற்கும் முந்திய வரலாறு உண்டு. 1780-இல் ஐதர் அலியின் படை கர்நாடகப் பகுதியில் நுழைந்தபின் வந்த பஞ்சத்தில், பட்டினியால் நகருக்கு ஓடிவந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற 1782-இல் ஓரிடம் தோன்றியது. அதுவே மணியக்காரர் சத்திரம். அதை ஒட்டி 1799-இல் ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் மருத்துவமனை தொடங்கினார். இன்றைய ஸ்டான்லி மருத்துவமனையின் வேர் அங்கேதான். வடசென்னையின் முதியோர் வெகுகாலம் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே அழைத்தார்கள். பசியும் நோயும் ஒரே வாசலில் வந்து நின்றதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது.

இனி தாது வருடத்துக்கு வருவோம். 1876-இல் பருவமழை பொய்த்தது. ஓசூர், கிருஷ்ணகிரி தாலுகாக்கள் அப்போது சேலம் ஜில்லாவைச் சேர்ந்தவை. இங்கே ஆற்றுப் பாசனம் பெரிதில்லை. மானாவாரி ராகியும் ஏரித் தண்ணீரும்தான் ஜீவன். ஏரி வற்றி ராகியும் காய்ந்துபோனால் ஏழைக்குக் கையில் எதுவுமில்லை. அரசாங்கம் நிவாரண வேலைகளைத் திறந்தது. சாலைக்குக் கல் உடைத்தல், குளம் தூர்வாருதல் போன்ற வேலைகளுக்கு மக்கள் லட்சக்கணக்கில் வந்தார்கள்.

செலவு ஏறுவதைக் கண்ட வைஸ்ராய் லிட்டன் பிரபு, 1877 ஜனவரியில் சர் ரிச்சர்ட் டெம்பிள் என்பவரைத் தம் பிரதிநிதியாகச் சென்னை ராஜதானிக்கு அனுப்பினார். டெம்பிளின் கதையில் ஒரு துயரம் இருக்கிறது. 1874-இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது இவர்தாம் பர்மாவிலிருந்து பெருமளவு அரிசி வரவழைத்து மக்களைக் காத்தவர். சாவு மிகக் குறைவாக இருந்தது. அதற்காகப் பாராட்டுப் பெற்றிருக்க வேண்டியவர், ஊதாரி என்று ஏசப்பட்டார். அந்த ஏச்சு அவரை மாற்றிவிட்டது. சென்னைக்கு வந்தவர், கடும் உடலுழைப்புச் செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என்றார். ஒரு ராத்தல் என்பது சுமார் 450 கிராம். நல்லது செய்து திட்டு வாங்கியவன் அடுத்த முறை கையை இறுக்கிக்கொள்வது நாம் அறியாத கதை அல்ல. சபைக் கணக்கிலும் கண்டிருக்கிறோம்.

எதிர்த்து நின்றவர் சென்னை ராஜதானியின் சுகாதார ஆணையர், டாக்டர் டபிள்யூ. ஆர். கார்னிஷ். அவர் திடீரென்று இதில் குதித்தவர் அல்லர். இந்த ராஜதானி மக்கள் என்ன உண்கிறார்கள், சிறைக் கைதிகளுக்கு எவ்வளவு உணவு வேண்டும் என்பவற்றை ஆராய்ந்து 1863-இலேயே அறிக்கை எழுதியவர். உழைப்பவனுக்குக் குறைந்தது ஒன்றரை ராத்தல் தானியம் வேண்டும், அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்பது அவர் வாதம். வயிறு நிரம்பியதா என்பதோடு நில்லாமல், உடல் கரைகிறதா என்று பார்க்க வேண்டும் என்றார். தெளிவாகக் கணக்கிட்டால் அவர் சொன்னது விளங்கும்: 450 கிராம் தானியம் ஏறத்தாழ 1,500 கலோரி. நாளெல்லாம் கல் உடைக்கிறவனுக்கு அதைப்போல் இருமடங்கும் போதாமற்போகலாம். மீதியை அவன் தன் தசையிலிருந்துதான் எடுத்துக் கொடுக்கிறான். தானியத்தில் மிச்சம்பிடிக்கிற ஒவ்வொரு பிடியும் யாரோ ஒருவருடைய உடம்பிலிருந்து கழிகிறது.

1877 மார்ச்சில் சென்னை அரசாங்கம் பாதி வழி இறங்கிவந்தது. படி 570 கிராம் தானியமும் 43 கிராம் பருப்பும் என்று உயர்ந்தது. பம்பாய் ராஜதானியிலோ தொழிலாளிகள் இந்தக் கூலிக்கு வேலை செய்ய மாட்டோம் என்று நிவாரண வேலைகளைவிட்டே வெளியேறினார்கள். பட்டினி கிடப்பவன் வேலைநிறுத்தம் செய்தான் என்றால், கொடுக்கப்பட்டதை அவன் உணவாக மதிக்கவில்லை என்றுதானே பொருள்?

சேலம் ஜில்லாவில் 1871-இல் ஏறத்தாழ 19.6 லட்சம் பேர் எண்ணப்பட்டனர். 1881-இல் எண்ணியபோது சுமார் 16 லட்சம். செத்தவர்களோடு ஊரைவிட்டுப் போனவர்களும் பிறக்காமலே போனவர்களும் அந்தக் குறைவில் அடங்குவார்கள். இந்த எண்களை எழுதிவிட்டு நான் சற்று நேரம் எழுதாமல் இருந்தேன்.

கஞ்சியின் பக்கமும் நியாயம் உண்டு; அதையும் சொல்ல வேண்டும். நெடுநாள் பட்டினி கிடந்தவனுக்கு முதல் நாளே களியுருண்டையைக் கொடுத்தால் அவன் உடல் தாங்காது. அவனுக்கு நீர்த்த கஞ்சிதான் மருந்து. அயர்லாந்திலும் அப்படி ஓர் அனுபவம் உண்டு. உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப்போன பஞ்சத்தில், 1847-இன் கோடையில் நாளொன்றுக்கு 30 லட்சம் பேர்வரை சூப் கூடங்களில் உண்டார்கள், சாவு தணிந்தது. ஆயினும் அதே ஆண்டு ஏப்ரலில் அலெக்சிஸ் சோயர் என்ற புகழ்பெற்ற சமையற்காரர் டப்ளினில் மாதிரிச் சமையற்கூடம் திறந்ததையும் கவனியுங்கள். அவருடைய மலிவுச் சூப்பில் இரண்டு காலன் தண்ணீருக்குக் கால் ராத்தல் மாட்டிறைச்சி. கரண்டிகளைச் சங்கிலியால் கட்டியிருந்தார்கள். ஏழைகள் குடிப்பதை வேடிக்கை பார்க்கச் செல்வந்தர்கள் ஐந்து ஷில்லிங் கொடுத்து நுழைந்தார்கள். அந்தச் சூப் உயிரைத் தாங்காது என்று லான்செட் என்ற மருத்துவ இதழ் எழுதியது. சில இடங்களில் சூப்பு வேண்டுமானால் மதம் மாற வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்ததாகப் பேச்சு எழுந்தது. ‘சூப்பர்’ என்பது அந்த நாட்டில் தலைமுறைகள் தாண்டிய வசைச்சொல் ஆயிற்று.

கஞ்சிக் கிறிஸ்தவர்கள் என்ற ஏச்சு நம் முன்னோரின் காதிலும் விழுந்ததுதான். ஆகையால் ஓங்கோலில் ஊழியம் செய்த அமெரிக்க பாப்டிஸ்டு மிஷனரி ஜான் கிளவ் நடந்துகொண்ட விதத்தை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. இதே பஞ்சத்தில் அவர் பக்கிங்ஹாம் கால்வாய் வெட்டும் வேலையில் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்து, ஏழைகளுக்குக் கூலி கிடைக்கச் செய்தார். அந்த மாதங்களில் ஞானஸ்நானம் கொடுப்பதை நிறுத்திவைத்தார். பசியைச் சாட்சியாக வைத்து விசுவாசத்தை எண்ண அவருக்கு மனம் வரவில்லை. 1878 ஜூலை 3 அன்று ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றதைப் பலரும் சொல்வார்கள். அதற்குமுன் அவர் காத்திருந்ததைச் சொல்பவர் குறைவு.

வேதத்திலும் பஞ்சகாலத்துக் கூழ்ப்பானை ஒன்று இருக்கிறது. இரண்டாம் இராஜாக்கள் நான்காம் அதிகாரத்தில், கில்காலில் எலிசா பெரிய பானையை வைக்கச் சொல்கிறார். தமிழ் வேதாகமம் அதைக் கூழ் என்றே சொல்கிறது. யாக்கோபு ஏசாவுக்குக் கொடுத்ததையும் அப்படியே. யாரோ தெரியாமல் காட்டுக்காயை அரிந்துபோட, பானை விஷமாயிற்று. இத்தனை ஆண்டுகள் பிரசங்கித்தும் ஒன்றை நான் கவனிக்கவில்லை: தீர்க்கதரிசி அந்தப் பானையைச் சரிசெய்ய மாவைக் கேட்டார். தண்ணீர் கேட்கவில்லை. ஏசாவுக்கும் கூழ் மட்டும் கிடைக்கவில்லை; அப்பமும் கூடக் கொடுக்கப்பட்டது.

நம் நாட்டில் இந்தக் கேள்விக்குச் சட்டமும் ஒரு பதில் சொல்லியிருக்கிறது. 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம், பள்ளிப் பிள்ளைகளுக்குத் தானியமாக அல்ல, சமைத்த உணவாகவே கொடுக்க வேண்டும், அதில் குறைந்தது 300 கலோரியும் 8 முதல் 12 கிராம் புரதமும் இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 1956 முதல் காமராஜரும், 1982 முதல் எம்.ஜி.ஆரும் விரிவாக்கிய மதிய உணவு நமக்குப் பழகிப்போனதால் அந்த உத்தரவின் பெருமை நம் மாநிலத்தில் அவ்வளவாக உணரப்படவில்லை.

இந்த அளவை நம் அடுப்பில் வைத்துப் பார்த்தேன். ஒரு டம்ளர் கூழில் 50 கிராம் கேழ்வரகு மாவு போட்டால் 165 கலோரி அளவு வரும். புரதம் மூன்றரை கிராம். மாவை 90 கிராம் ஆக்கினால் 300 கலோரி எட்டும், புரதம் அப்போதும் எட்டாது. ஒரு பிடி பயறோ ஒரு முட்டையோ சேர்ந்தால் எட்டிவிடும். வெறும் காய்கறி சூப்போ இந்தக் கணக்கின் கிட்டேயும் வராது.

ஒன்றை உங்களிடம் மறைக்கக் கூடாது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, நெடுஞ்சாலையில் நடந்துபோன வடமாநிலத் தொழிலாளருக்கு நாங்கள் சிலர் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தோம். இரண்டாம் நாள் எதிர்பார்த்ததைவிட வரிசை நீண்டது. அரிசி தீர்ந்திருந்தது. “இன்னும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்” என்று சொன்னது நான்தான். எல்லாருக்கும் கிடைத்தது என்று அன்றைக்கு ஜெபத்தில் ஸ்தோத்திரமும் சொன்னேன். கடைசியில் நின்ற ஒருவர் டம்ளரை ஒருமுறை சாய்த்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டு நடந்தார்.

வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கமிட்டி மறுபடி கூடும். அந்தத் தாயார் களி கிண்டிக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவரைக்கொட்டைக்கும் முட்டைக்கும் ஆகும் செலவைப் பொருளாளர் எழுதிக்கொண்டு வருவார். தராசு என்னிடம் இருக்கிறது, கொண்டுவருகிறேன்.