கடைசல் பொறியின் கதை



'கடைதல்' என்ற சொல்லுக்குப் பொருள் கேட்டால், தயிர் கடைதல், கீரை கடைதல் என்னும் இரண்டோடு நம் மாணவர்கள் நின்றுவிடுகின்றனர். மூன்றாவதாக ஒரு பொருளும் உண்டு. மரத்தையோ உலோகத்தையோ சுழலவிட்டு, அதன்மேல் உளியைப் பொருத்தி உருவம் கொடுப்பதும் கடைதல்தான். மூன்றுக்கும் ஒரே சொல் அமைந்தது வியப்பன்று. மத்தில் கயிற்றைச் சுற்றி இருபுறமும் மாறி மாறி இழுத்தால் மத்து முன்னும் பின்னும் சுழலும். பழங்காலக் கடைசல் தொழிலும் இதே கயிற்றால்தான் நடந்தது. எகிப்தில் பெட்டோசிரிஸ் என்பவரின் கல்லறையில், ஏறத்தாழ கி.மு. 300இல் செதுக்கப்பட்ட காட்சி ஒன்றில், ஒருவர் கயிற்றை இழுக்க மற்றொருவர் உளியைப் பிடித்திருக்கின்றார்.

இந்தச் சொல்லாராய்ச்சியில் நான் இறங்கியதற்குக் காரணம் ஒரு பழைய இயந்திரம். செந்தூலில் எங்களுக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், இரயில்வே பட்டறையில் டர்னராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுப் பின்புறம், துத்தநாகக் கூரையின் கீழ், 'மைபோர்டு எம்.எல். 7' என்னும் சிறிய லேத் இயந்திரம் பல்லாண்டுகளாகத் துருவேறிக் கிடந்தது. தனியார் பட்டறை ஒன்று மூடப்பட்டபோது அவர் வாங்கி வைத்தது. வீட்டை விரிவாக்க நினைத்த அவருடைய மகன், பழைய இரும்பு வாங்குபவரிடம் பேசிவிட்டார். எடைக்கு எடை காசு! "ஓடாத மெஷின வெச்சி என்னா செய்யிறது டீச்சர்?" என்று அவர் என்னிடமே கேட்டார். நியாயமான கேள்விதான். பள்ளி விடுமுறை முடியும் வரை பொறுத்திருக்கச் சம்மதித்தார். ஐந்து வாரங்கள். வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடம் போதிக்கின்றேன் என்ற ஒரே தகுதியோடு நான் பெரியவருக்கு எடுபிடியானேன்.

நம் வரலாற்றுப் பாடங்களில் தொழிற்புரட்சி என்றாலே நீராவி இயந்திரம்தான். அந்த நீராவி இயந்திரத்தின் உருளையையும் தண்டையும் துல்லியமாகச் செய்து தந்த பொறிகளைப் பற்றி ஒரு வரி இருப்பதில்லை. இது எனக்குப் பெருங்குறையாகவே படுகின்றது.

கயிறு இழுக்கும் பொறியில் மரம் கடையலாம், தந்தம் கடையலாம். இரும்பு வேறு கதை. கையால் பிடித்த உளி இரும்பில் நடுங்கும். ஒரே தடிமனில் நீண்ட தண்டைக் கடைய எவ்வளவு தேர்ந்த கைக்கும் இயலாது. உளியைக் கையிலிருந்து வாங்கி, ஓர் இரும்புத் தாங்கியில் இறுக்கி, அத்தாங்கியைத் திருகாணியால் நகர்த்த வேண்டும். இந்த எண்ணம் ஒருவருக்கு மட்டும் தோன்றியதன்று. பிரான்சில் வோக்கன்சனும் இங்கிலாந்தில் ராம்ஸ்டனும் 18ஆம் நூற்றாண்டிலேயே இத்தகைய பொறிகளைச் செய்தனர். ஆயினும் பட்டறைத் தொழிலாளர் அன்றாடம் நம்பி வேலை செய்யத்தக்க வடிவத்தைக் கொடுத்தவர் ஹென்றி மாட்ஸ்லி.

மாட்ஸ்லி 1771இல் லண்டனை அடுத்த வூல்விச்சில் பிறந்தார். 12 வயதில் அங்கிருந்த ஆயுதச் சாலையில் வெடிமருந்து நிரப்பும் வேலை. 18 வயதில், பூட்டுகளுக்குப் பெயர்பெற்ற ஜோசப் பிராமாவின் பட்டறையில் சேர்ந்தார். வாரச் சம்பளம் 30 ஷில்லிங், உயர்த்தித் தரக் கேட்டார், கிடைக்கவில்லை. 1797இல் வெளியேறித் தமக்கென ஒரு சிறு பட்டறை தொடங்கினார். (ஒரு சம்பள உயர்வு மறுக்கப்பட்டதால் உலகத்துக்குக் கிடைத்த நன்மைகளை யாராவது தொகுத்தால் நன்று.) 1800ஆம் ஆண்டையொட்டி அவர் செய்த மரை வெட்டும் கடைசல் பொறி இன்றும் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றது.

அதில் ஒரு புதிர் உண்டு. திருகாணியில் சுற்றிச் செல்லும் மரையைப் பொறியால் வெட்ட வேண்டுமானால், உளியைச் சீராக நகர்த்த முதலில் பொறிக்குள் ஒரு துல்லியமான திருகாணி வேண்டும். அந்த முதல் திருகாணியை எதனால் வெட்டுவது? மாட்ஸ்லி, சுழலும் மென்மையான உருளைகளின்மேல் ஒரு கத்தியைக் கணக்கிட்ட சாய்வில் அழுத்தினார். கத்தி தானே நகர்ந்து உருளையில் மரையை வரைந்தது. பல உருளைகளில் இப்படிச் செய்து, சிறந்ததைத் தேர்ந்து, அதைக்கொண்டு எஃகில் வெட்டினார். பிறகு அந்த எஃகுத் திருகாணி அதைவிடச் சிறந்ததைச் செய்ய உதவியது.

தட்டையான பரப்பைச் செய்வதிலும் இதே நிலைமைதான். இரண்டு இரும்புத் தட்டுகளை ஒன்றோடொன்று பொருத்திச் சுரண்டிக்கொண்டே வந்தால், ஒன்று குழிந்தும் மற்றது குவிந்தும் இருந்தபடியே கச்சிதமாகப் பொருந்திவிடும். இரண்டும் தட்டை என்று நாம் ஏமாந்துபோவோம். மூன்றாவது தட்டு ஒன்றைச் சேர்த்து மூன்றையும் மாறி மாறிப் பொருத்தினால் இந்த ஏமாற்று நடவாது. மூன்றும் எல்லா இணைகளிலும் பொருந்த வேண்டுமானால் மூன்றும் தட்டையாக இருந்தே ஆக வேண்டும். மாட்ஸ்லியின் பட்டறையில் பணியாற்றிய ஜோசப் விட்வொர்த், 1840இல் இம்முறையை அறிஞர் அவையில் விளக்கினார். அடுத்த ஆண்டே, இங்கிலாந்து முழுமைக்கும் ஒரே அளவான மரைகள் வேண்டும் என்று கூறி, 55 பாகைக் கோணத்தில் ஒரு வரையறையையும் முன்மொழிந்தார். அதுவரை ஒரு பட்டறையின் போல்ட்டு வேறொரு பட்டறையின் நட்டில் ஏறுவது அரிது.

நம் நாட்டுக்கு வருவோம். 1885இல் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே முதல் இரயில் பாதை திறக்கப்பட்டது. பாதை வளர வளரப் பழுது பார்க்கும் பட்டறைகளும் வளர்ந்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோலாலம்பூரின் செந்தூலில் மத்தியப் பட்டறை அமைந்தது. இங்கிலாந்திலிருந்து கப்பலில் உதிரிப்பாகம் வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். ஆகவே உடைந்த பாகத்தை அளந்து, புதிதாகக் கடைந்து தரும் கை இங்கேயே தேவைப்பட்டது. பல இனத்தாரும் பணிபுரிந்த அப்பட்டறையில் தமிழர்களும் டர்னர்களாகவும் பிட்டர்களாகவும் இருந்தனர். தண்டவாளம் போட்ட தமிழர்களைப் பற்றி எழுதுகின்றோம், பேசுகின்றோம். எழுதவும் வேண்டும்! ஆனால் ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலத்தை அளந்து வேலை செய்த தமிழர்களைப் பற்றி எத்தனை பக்கம் எழுதியிருக்கின்றோம்? 1945இல் நேச நாட்டு விமானங்கள் அந்தப் பட்டறையைக் குண்டு வீசித் தகர்த்தன. போருக்குப் பின் அது மீண்டெழுந்தது. பழுது பார்ப்புப் பணிகள் பின்னர் பத்து காஜாவுக்கு மாறிவிட்டன.

பெரியவரின் எம்.எல். 7 அந்தப் பட்டறைப் பொறிகளோடு ஒப்பிட்டால் விளையாட்டுப் பொருள் போன்றது. இங்கிலாந்தில் நாட்டிங்காம் அருகே பீஸ்டன் என்னும் ஊரில், 1946 முதல், சிறு பட்டறைகளுக்காகவும் பொழுதுபோக்காகக் கடைவோருக்காகவும் செய்யப்பட்டது. ஆயினும் மாட்ஸ்லியின் அமைப்பு முழுவதும் அதில் உண்டு.

முதல் வாரம் பெரியவர் ஒரு திருகைக்கூடக் கழற்ற விடவில்லை. "கை வைக்காதீங்க டீச்சர். மொதல்ல பாருங்க" என்றார். மண்ணெண்ணெய், தூரிகை, துணி, இவ்வளவுதான். கட்டுண்டு கிடக்கும் இயந்திரத்தை ஆர்வக்கோளாறில் மின்சாரத்தில் இணைத்தால் உள்ளே எஞ்சியிருப்பதும் கெட்டுவிடுமாம். துருவை மணல்தாளால் தேய்க்கவும் தடை. உளித்தாங்கி வழுக்கிச் செல்லும் 'பெட்' என்னும் அடிப்பரப்பில் மணல்தாளின் தூள் தங்கினால் அதுவே அரமாகிவிடும். கழற்றத் தொடங்கியபின் ஒவ்வொன்றையும் கைப்பேசியில் படம் எடுத்து, தனித்தனிப் பெட்டியில் இட்டேன். சுழலும் தண்டைத் தாங்குவது மென்மையான வெண்ணிற உலோகத்தாலான இரு தாங்கிகள். அவற்றின் மூடிகளுக்கு அடியில் தாளினும் மெல்லிய தகடுகள் இருந்தன. தாங்கி தேயும்போது, அத்தகட்டில் ஓர் அடுக்கை உரித்தால் பிடி மீண்டும் இறுகும். தேய்மானம் வரும் என்று எதிர்பார்த்து, அதைச் சரிசெய்யும் வழியையும் உள்ளேயே வைத்துச் செய்திருக்கின்றார்கள்!

அடிப்பரப்பின் தேய்மானத்தை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. உளித்தாங்கியைச் சக்குக்கு அருகே, அதிகம் உழைத்த இடத்தில், ஆடாமல் இறுக்க வேண்டும். பிறகு மறுமுனைக்குத் தள்ள வேண்டும். எங்களுடையது பாதி வழியில் நின்றுவிட்டது. பெரியவர் உதட்டைப் பிதுக்கினார். பின்பு, "பரவால்ல, சின்ன வேலைக்குத் தாங்கும்" என்றார். பாதுகாப்பு பற்றி அவர் சொன்னவற்றைப் பெற்றோர்களுக்காக இங்குக் குறிப்பிட வேண்டும்: கையுறை கூடாது, முந்தானையும் தொங்கும் பின்னலும் கூடாது, சக்கை இறுக்கும் சாவியை ஒரு நொடியும் அதிலேயே விட்டுவைக்கக் கூடாது. சுழலும் தண்டு எதையும் பிடித்து இழுத்துக்கொள்ளும்.

ஐந்தாம் வாரம், மோட்டார் இன்னும் ஆயத்தமாகவில்லை. சுழல்தண்டின் பின்முனையில் கைப்பிடி ஒன்றைப் பொருத்தி, கையாலேயே சுற்றி ஒரு மரை வெட்டிப் பார்ப்பது என முடிவாயிற்று. இங்குதான் கணிதம் வந்தது. இப்பொறியின் நீண்ட திருகாணியில் ஓர் அங்குலத்துக்கு 8 மரைகள். அங்குலத்துக்கு 16 மரை வேண்டுமானால், சுழல்தண்டு இரு முறை சுற்றும்போது திருகாணி ஒரு முறை சுற்ற வேண்டும். 20 பல் சக்கரமும் 40 பல் சக்கரமும் போதும். ஆறாம் ஆண்டு மாணவருக்கே புரியும் விகிதம். ஆனால் இன்று கடையில் கிடைக்கும் நட்டுகள் மில்லிமீட்டர் கணக்கு. 16 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு மரையின் இடைவெளி 2 மில்லிமீட்டர். எங்கள் திருகாணியின் இடைவெளியோ 3.175 மில்லிமீட்டர். இரண்டின் விகிதம் 80க்கு 127. அந்த 127 ஒரு பகா எண். வேறு எந்தச் சிறிய சக்கரத்தாலும் அதைச் சரியாகப் பெற இயலாது. அங்குலம் என்பது 25.4 மில்லிமீட்டர் என 1959இல் பல நாடுகள் உடன்பட்டு வரையறுத்ததன் விளைவு இது.

127 பல் சக்கரம் எங்களிடம் இல்லை. பெரியவர் பழைய நாள்காட்டித் தாளின் பின்புறம் எழுதினார்: 21இன் கீழ் 25, பெருக்கல் 30இன் கீழ் 40. விடை 0.63. வேண்டியது 0.6299. ஒவ்வொரு மரைக்கும் பிழை 0.00025 மில்லிமீட்டர்தான்! இதைப் பட்டறையில் மூத்தவர் ஒருவர் சொல்லிக் கொடுத்தாராம். எந்த நூலிலும் படித்ததில்லை என்றார்.

உளியின் முனையை விட்வொர்த்தின் 55 பாகைக்கன்றி, மில்லிமீட்டர் மரைக்குரிய 60 பாகைக்குத் தீட்டினார். நான் கைப்பிடியைச் சுற்றினேன். ஒரு முறை வெட்டி முடித்ததும் திருகாணியின் பிடியை விடுவிக்கப் போனேன். "தொறக்காதீங்க டீச்சர்! தொறந்தா மறுபடி அதே எடத்துல விழாது" என்று தடுத்து, உளியை மட்டும் பின்னுக்கு இழுத்துவிட்டு, தலைகீழாகச் சுற்றித் தொடக்கத்துக்குக் கொண்டுவரச் சொன்னார். அங்குலத் திருகாணியில் மில்லிமீட்டர் மரை வெட்டும்போது இதுவே வழி. இப்படி இருபது முறைக்கு மேல் போய் வந்தோம். தோள்பட்டை விட்டுப்போயிற்று.

மகன் ஹார்டுவேர் கடையிலிருந்து ஒரு நட்டு வாங்கி வந்தார். முதலில் ஏறவில்லை. பெரியவர் இன்னும் இரண்டு முறை மெல்லிய வெட்டு வெட்டி, தூரிகையால் தட்டிவிட்டு, எண்ணெய் ஒரு சொட்டு விட்டார். நட்டு ஏறியது. மகன் அதை அடிவரை சுற்றினார், மேலே கொண்டுவந்தார், மறுபடி அடிவரை சுற்றினார். பிறகு வெளியே சென்று, லோரியை அனுப்ப வேண்டாமென்று கைப்பேசியில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடிப்பரப்பின் தேய்மானம் அப்படியேதான் உள்ளது. நீல மை பூசி, உயர்ந்த இடங்களைக் கண்டு, கையால் சுரண்டி எடுக்க வேண்டும். அதற்குத் தட்டையென நம்பத்தக்க ஓர் இரும்புச் சட்டம் வேண்டும், தேடிக்கொண்டிருக்கின்றோம்.