சென்னை செய்த பிரிட்டிஷ் சலூன்கள்: ஹெரால்டு முதல் ஸ்டாண்டர்ட் 2000 வரை

ஸ்டாண்டர்ட் ஹெரால்டு 1961-இல் சென்னையில் உற்பத்தியைத் தொடங்கிய இரண்டு கதவு சலூன் கார். இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் 1959 ஏப்ரலில் டிரயம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வெளிவந்த அதே வண்டிதான் இங்கே ஸ்டாண்டர்ட் ஆனது. டிரயம்ப் என்றாலே ஸ்போர்ட்ஸ் கார் என்று பெயரெடுத்திருந்த காலம் அது. அந்தக் குடும்பத்து வண்டி ஒன்றைச் சென்னை தனக்கென்று எடுத்துக்கொண்டு, இங்கிலாந்தில் செய்யாத மாற்றங்களையெல்லாம் செய்து பார்த்தது.

தயாரித்த நிறுவனம் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. யூனியன் கம்பெனியும், டிரயம்பின் உரிமையாளரான கோவென்ட்ரியின் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியும் கூட்டாக 1948-இல் தொடங்கிய இதன் தொழிற்சாலை சென்னையை அடுத்த வண்டலூரில் இருந்தது. முதலில் வான்கார்டு, பிறகு ஸ்டாண்டர்ட் டென், பென்னன்ட் என்று சில வண்டிகள் வந்து போயின. கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் அம்பாசடர், பம்பாயில் பியட், சென்னையில் ஸ்டாண்டர்ட் என்று இந்தியக் கார் சந்தையே மூன்று பேர் கையில் அடங்கியிருந்தது. மூவரில் மிகச் சிறியது சென்னைக் கம்பெனி.

ஹெரால்டின் அமைப்புக்குப் பின்னால் ஒரு நெருக்கடி இருக்கிறது. 1950களில் உலகமே சேஸிஸைக் கைவிட்டு, பாடியையே எலும்புக்கூடாகக் கொண்ட கார்களுக்கு மாறிக்கொண்டிருந்தது. ஸ்டாண்டர்டுக்குப் பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை 1953-இல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழுப் பாடியை ஒரே இடத்தில் அடித்துக் கொடுக்க இனி ஆளில்லை. தலைமைப் பொறியாளர் ஹாரி வெப்ஸ்டர் பழைய வழிக்கே திரும்பினார்: கீழே தனிச் சேஸிஸ், மேலே பல துண்டுகளாகச் செய்து போல்ட் போட்டு முடுக்கிய பாடி. இத்தாலியின் டுரின் நகரைச் சேர்ந்த ஜொவான்னி மிக்கெலோட்டி அதற்குக் கூர்மையான கோடுகளுடன் உருவம் கொடுத்தார். பாகம் பாகமாகக் கப்பலில் அனுப்பி எங்கு வேண்டுமானாலும் பூட்டிக்கொள்ளக்கூடிய வண்டியாக அது அமைந்துபோனது. பெரிய அச்சு எந்திரங்கள் வாங்க வசதியில்லாத கம்பெனிக்கு இதைவிடப் பொருத்தமான கார் கிடைத்திருக்காது. கோவென்ட்ரிக்கு வந்த இக்கட்டு வண்டலூருக்கு வாய்ப்பானது.

ஹெரால்டின் பானெட்டைத் திறந்து பார்த்தவர்கள் அதை மறப்பதில்லை. இரண்டு பக்க மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்பக்கம் முழுவதும் ஒரே துண்டாக முன்னோக்கிச் சாயும். எஞ்சின், ஸ்டியரிங், முன் சஸ்பென்ஷன் மூன்றும் வெட்டவெளியில் நிற்கும். மெக்கானிக் முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே டிஸ்ட்ரிபியூட்டரையும் கார்புரேட்டரையும் கழற்றலாம். இடுப்பு வளைத்துக் குனிய வேண்டியதில்லை. அடுத்தது அதன் ஒடிப்பு. ஏறத்தாழ 25 அடி விட்டத்தில், லண்டன் டாக்சிக்குச் சமமாக வண்டி திரும்பிவிடும். ரேக் அண்ட் பினியன் ஸ்டியரிங்கும் அன்றைய மற்ற இந்தியக் கார்களின் ஸ்டியரிங்கைவிடத் துல்லியமாக இருந்தது.

இந்த ஒடிப்பின் மதிப்பு மலைப்பாதையில்தான் முழுதாகத் தெரியும். மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு ஏறும் சீகூர் மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். ஆயிரம் மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்துக்குச் சில கிலோமீட்டர்களிலேயே ஏற வேண்டிய பாதை. இத்தகைய வளைவில் ஒடிப்புக் குறைந்த நீளமான கார் ஒரே மூச்சில் திரும்பாது. பின்னால் எடுத்து மறுபடி திருப்ப வேண்டும், அதுவும் சரிவில் கிளட்சைக் கருக்கிக்கொண்டு. ஹெரால்டுக்கு அந்தச் சிரமம் இல்லை. ஆனால் அதன் எஞ்சின் 948 சி.சி. மட்டுமே. குதிரைத்திறன் நாற்பதைத் தொடாது. ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி சமவெளியில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு; கார்புரேட்டர் எஞ்சினின் பலமும் ஏறத்தாழ அதே அளவு குறைந்துவிடும். நாலு பேரும் பெட்டி படுக்கையும் ஏறிய ஹெரால்டு இப்படிப்பட்ட ஏற்றத்தை முதல் கியரிலும் இரண்டாம் கியரிலுமே கடந்தாக வேண்டும். இறங்கும்போது நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். மிதித்துக்கொண்டே இறங்கினால் லைனிங் சூடேறிப் பிடிப்பு விட்டுவிடும். கியரில் போட்டு எஞ்சினால் வண்டியை இழுத்துப் பிடிப்பதே மலைப்பாதையில் டிரைவருக்குக் காப்பு.

ஹெரால்டின் பலவீனம் பின் சக்கரங்களில் இருந்தது. விலைக்கு மீறிய வசதியாக, பின் சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே ஏறி இறங்கும்படி ஸ்விங் ஆக்சில் வைத்திருந்தார்கள். குறுக்காகக் கிடக்கும் ஒரே லீஃப் ஸ்பிரிங் இரண்டையும் தாங்கியது. குண்டும் குழியுமான சாலையில் இது சொகுசு. பாரம் ஏறினால் சக்கரங்களின் மேல்பகுதி உள்ளே சாய்ந்து டயர் ஒருபக்கமாகத் தேயும். வளைவில் வேகமாகப் போய்ச் சட்டென்று ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வெளிப்பக்கச் சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கும், பின்பக்கம் வழுக்கும். இந்திய வாடிக்கையாளர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் இந்த ஆக்சில் கடைசிவரை பிடிக்கவில்லை.

இங்கிலாந்தில் இதே சேஸிஸிலிருந்து 1962-இல் இரண்டு வண்டிகள் பிறந்தன. ஒன்று ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். மற்றது விட்டெஸ்: ஹெரால்டின் பாடிக்குள் 1,596 சி.சி. ஆறு சிலிண்டர் எஞ்சின், முகத்தில் சாய்வாக நான்கு ஹெட்லைட். ஸ்போர்ட்ஸ் சலூன் என்ற வகைக்கு அது சரியான உதாரணம். 1966-இல் அதற்கு 2 லிட்டர் எஞ்சினும் வந்தது. சென்னைக்கு இவற்றில் எதுவும் வரவில்லை. இறக்குமதிக் கட்டுப்பாடும் லைசென்ஸ் முறையும் இருந்த நாட்டில், ஒரு எஞ்சினை உள்நாட்டிலேயே செய்யப் பழகியவர்கள் அதையே வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. 1,147 சி.சி., 1,296 சி.சி. என்று இங்கிலாந்து ஹெரால்டு வளர்ந்தபோதும் சென்னை ஹெரால்டு 948-இலேயே நின்றது. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் ஓடிய ஹெரால்டுகளுக்கு வேகம் கொடுத்தது உள்ளூர் ஒர்க்‌ஷாப்புகளின் கைவேலைதான்.

வண்டலூர் தன் அறிவைக் காட்டியது கதவில். 1960களின் இறுதியில் அங்கே நான்கு கதவு ஹெரால்டு உருவானது. இங்கிலாந்தில் அப்படியொரு ஹெரால்டு விற்பனைக்கு வரவே இல்லை. தாத்தா பாட்டியோடு பயணம் போகும் குடும்பத்துக்கு முன் சீட்டை மடக்கிப் பின்னால் ஏறுவது எவ்வளவு தொல்லை என்பதைச் சென்னை அறிந்திருந்தது. கம்பானியன் என்ற ஐந்து கதவு எஸ்டேட் வண்டியும் இங்கே மட்டுமே செய்யப்பட்டது. தாய்க் கம்பெனியாக மாறியிருந்த பிரிட்டிஷ் லேலண்டுடன் தொடர்பு முறிந்த பிறகு, 1972-இல் நான்கு கதவு ஹெரால்டை மாற்றி வடிவமைத்து கஸல் என்று வெளியிட்டார்கள். ஸ்விங் ஆக்சில் போய், எல்லாருக்கும் பழகிய முழு ஆக்சில் வந்தது. எஞ்சின் மட்டும் அதே 948. மிகக் குறைந்த எண்ணிக்கையிலேயே வந்த கஸல் 1977-இல் நின்றுபோனது. அதன் பிறகு சில ஆண்டுகள் கம்பெனியின் பெயரைச் சாலையில் காப்பாற்றியது ஸ்டாண்டர்ட் 20 வேன்.

1983 டிசம்பரில் வந்த மாருதி 800 சந்தையைப் புரட்டிப்போட்டது. வண்டலூர் அதற்கு நேர் எதிர்த்திசையில் போனது. 1985-இல் வெளிவந்த ஸ்டாண்டர்ட் 2000, பிரிட்டனின் புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் சலூனான ரோவர் எஸ்டி1-இன் பாடியைக் கொண்டது. டேவிட் பாஷ் வடிவமைத்து 1976-இல் வெளிவந்த அந்த ரோவர், 1977-க்கான ஐரோப்பாவின் சிறந்த கார் விருதைப் பெற்றது. டேஷ்போர்டில் மீட்டர் பெட்டி தனியாக மேலே உட்கார்ந்திருக்கும். வலக்கை ஓட்டுநருக்கும் இடக்கை ஓட்டுநருக்கும் பெட்டியை இடம் மாற்றினால் போதும், பயணி பக்கத்துக் காற்றுத் துவாரமே ஸ்டியரிங் தண்டுக்கு வழியாகிவிடும். உள்ளே 3,528 சி.சி. வி8, 155 குதிரைத்திறன். 1982-இல் 190 குதிரைத்திறனுடன் வந்த அதன் ஸ்போர்ட்ஸ் வகைக்கும் விட்டெஸ் என்றே பெயர். அந்தக் காரில்தான் ஆண்டி ரவுஸ் 1984-இல் பிரிட்டிஷ் சலூன் கார் பந்தயப் பட்டத்தை வென்றார்.

இந்த விட்டெஸும் சென்னைக்கு வரவில்லை. வந்த பாடிக்குள் வான்கார்டு காலத்து நான்கு சிலிண்டர் எஞ்சின், 1,991 சி.சி. அளவில், சுமார் 83 குதிரைத்திறனுடன் ஏறியது. ஐந்து கியருக்குப் பதில் நான்கு. மேடுபள்ளத்துக்காக வண்டியின் உயரமும் கூட்டப்பட்டது. அந்த எஞ்சினைக் கேவலமாகப் பேசுவது நியாயமில்லை. இதே 1,991 சி.சி. அளவில்தான் 1953-இல் டிரயம்ப் டிஆர்2 ஸ்போர்ட்ஸ் கார் ஓடியது. பெர்குசன் டிராக்டருக்கும் இதே குடும்பத்து எஞ்சின்தான். ஆனால் முப்பதாண்டு கழித்து, இவ்வளவு பெரிய பாடியைச் சுமக்க அது போதவில்லை. விலை அதிகம், பெட்ரோல் செலவு அதைவிட அதிகம். அதே ஆண்டுகளில் வந்த கான்டெஸாவும் வெளிநாட்டுப் பாடிக்குள் அம்பாசடர் எஞ்சினைச் சுமந்தாலும், அதன் விலை ஸ்டாண்டர்ட் 2000-ஐவிடக் குறைவு.

1988-இல் உற்பத்தி நின்றது. தொழிற்சாலையில் மிஞ்சிக் கிடந்த ரோவர் உதிரிப் பாகங்களைப் பிற்காலத்தில் பிரிட்டனைச் சேர்ந்த உதிரிபாக வணிகர்கள் வாங்கிச் சென்று, அங்கே எஸ்டி1 வைத்திருப்பவர்களுக்கு விற்றார்கள்.