நயினாதீவுக் கல்வெட்டும் இன்றைய சுங்கமும்

1963இல் கா. இந்திரபாலா பதிப்பித்த நயினாதீவுத் தமிழ்க் கல்வெட்டு, முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) வகுத்த துறைமுக விதிகளை நமக்குக் கூறுகின்றது. பிறநாட்டு வணிகர் ஊர்காவற்றுறைக்கே வருதல் வேண்டும். அங்கு அவர்களுக்குக் காவல் உண்டு. அரசனுக்கு யானையும் குதிரையும் கொணர்ந்த மரக்கலம் உடைந்தால், சரக்கிற் காற்பங்கு மட்டும் பண்டாரத்துக்கு. ஏனைய வணிகக் கலமாயின் சரிபாதி. எஞ்சியது உடையவருக்கே. அரசுக்கு வேண்டியவர்க்குச் சலுகை மிகுதி!

வணிகரைத் தரம் பிரிக்கும் இவ்வழக்கம் இன்றும் உண்டு. 2005இல் உலகச் சுங்க அமைப்பு ஏற்ற கட்டமைப்பு, சரக்கின் விபரங்களை முன்கூட்டியே பெற்று, ஐயத்துக்குரிய கொள்கலன்களைத் தெரிந்து சோதிக்கச் சொல்கின்றது. தகுதிபெற்ற வணிகருக்கு விரைவு வழியும் திறக்கின்றது. எல்லாவற்றையும் திறந்து பார்த்தால் வணிகம் முடங்கும். எதையுமே பாராதுவிடின் நாட்டுக்குத் தீங்கு. ஆதலின் தெரிவு தேவையே.

ஆனால், அத்தகுதிக்கு வேண்டிய கணக்கும் காவலும் கணினியும் பெருநிறுவனத்துக்கு எளியன. சிறு வணிகனுக்கோ பெருஞ்சுமை. 2017இல் நடைமுறைக்கு வந்த வர்த்தக வசதிப்படுத்தல் உடன்படிக்கை, சிறிய, நடுத்தர நிறுவனங்களை இயன்றவரை தடுக்கலாகாது என்கின்றது. அச்சொல் செயலாக வேண்டாமா?

பொலன்னறுவை மன்னன் தன் விதியை வணிகர் அறியத் தமிழிற் பொறித்தான். இன்று எதைச் சோதிப்பது என்பது கணினிக்குள் மறைந்திருக்கலாம். கடத்தற்காரன் அதை அறியலாகாது. யாருக்குச் சலுகை, எதன்பொருட்டு என்பதோ கல்லெழுத்தாகவே இருத்தல் வேண்டும் என்கிறோம் நாம்.