தீவகத்தின் சமூகப் பொருளாதாரம்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மேற்கே ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு முதலிய ஊர்களைக் கொண்ட தீவகத்தில், இலாபத்தைவிட உறுப்பினரின் தேவையை முன்வைத்து நடக்கும் கூட்டுறவுச் சங்கங்கள், சனசமூக நிலையங்கள், அன்னதான சபைகள், ஊர் ஒன்றியங்கள் ஆகியவற்றின் தொகுதி. சந்தையும் அரசும் கடல் தாண்டி வரத் தயங்கிய இடங்களில் இவையே ஊரைத் தாங்கின. ஊரின் ஏற்றத்தாழ்வுகளும் இவற்றுக்குள் சேர்ந்தே வந்தன.

இலங்கையில் கூட்டுறவுக்குச் சட்ட உருவம் 1911இல் கிடைத்தது. இரண்டாம் உலகப் போர்க்காலப் பங்கீட்டோடு பண்டகசாலைகள் பெருகின. 1957 முதல் பலநோக்குச் சங்கங்கள் எழுந்தன. அவற்றின் கடை மக்கள் வாயில் ‘சங்கக்கடை’. அரிசியும் மண்ணெண்ணெயும் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகேற வேண்டிய நெடுந்தீவில், கடல் கொந்தளிக்கும் நாள்களில் ஊருக்குள் இருக்கும் கையிருப்பே சோறு.

சமூகத்தை மிக ஆழமாகத் தொட்டது சீவல் தொழிலாளரின் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கம். அதற்கு முன் கள்ளுத் தவறணைகள் குத்தகைக்காரர் கையில் இருந்தன. மரம் ஏறியவர், சாதியால் ஒதுக்கப்பட்டவர், விலை சொல்லும் நிலையில் இல்லை. 1970களில் சங்கமுறை வந்தபின் அவர் முட்டியில் இறக்கிய கள்ளைச் சங்கத்தில் அளந்து கொடுத்தார். அளவு அவர் பெயருக்கு நேரே பதிவானது. விற்று மிஞ்சியது போத்தலுக்கோ சாராய வடிப்புக்கோ போனது. சாதி ஒழிந்துவிடவில்லை. ஆனால் காசு யாருடைய படலையிலும் காத்து நின்று வாங்குவதாக இல்லாமல், கணக்குப் பார்த்துப் பெறுவதாயிற்று. இது சிறிய மாற்றம் அன்று.

கடற்றொழிலாளர் சங்கங்களின் நிலை சிக்கலானது. எரிபொருள், கடன், வலைத் தகராறு எல்லாம் அங்கேதான் பேசப்படும். அண்மை ஆண்டுகளில் ஆழம் குறைந்த கடலில் கடலட்டைப் பண்ணைகள் வேலியிடப்பட்டபோது உறுப்பினரே இரண்டாகப் பிரிந்தனர்: பண்ணை கிடைத்தவருக்கு வருமானம், அதே பரவைக்கடலை நம்பிய சிறு வலைக்காரருக்கு இழப்பு. ஒரே சங்கம் இருவருக்காகவும் பேசுவது எளிதல்ல.

நயினாதீவில் ஈகையும் ஓர் அமைப்பு. நாகபூசணி அம்மன் கோயில் உற்சவத்துக்கு வருவோருக்கு அமுதசுரபி என்னும் பெயரால் அன்னதானம் நடக்கிறது. மணிமேகலைக்கு அமுதசுரபி என்னும் அட்சய பாத்திரம் கிடைத்த மணிபல்லவம் இத்தீவே எனப் பலர் கொள்வதால், அப்பெயர் இங்கே தனி உரிமையோடு ஒலிக்கிறது. அரிசி மூட்டையும் மரக்கறியும் கொடையாக வரும்; சமையலும் பந்தியும் தொண்டர் கையில்.

1990களின் தொடக்கத்தில் போர் தீவக மக்களைப் பெருமளவில் இடம்பெயரச் செய்தது. கனடா, சுவிற்சர்லாந்து, பிரான்ஸ், பிரித்தானியா ஆகிய நாடுகளில் வாழும் தீவகத்தார் இன்று ஊர் ஒன்றியங்கள் வழியே பள்ளிக்கும் கோயிலுக்கும் குடிநீருக்கும் பணம் அனுப்புகிறார்கள். அந்த அன்பு பெரிது. எனினும் கொடையாளிக்கும் உறுப்பினருக்கும் வேறுபாடு உண்டு: கூட்டுறவில் பங்குப்பணம் எவ்வளவானாலும் ஆளுக்கு ஒரு வாக்குத்தான், கொடைப்பணத்தில் தந்தவர் விருப்பமே முந்துகிறது. புங்குடுதீவில் பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கு நடுவே புதுக் கட்டடம் எழுப்பப் பணம் கிடைக்கிறது. பொதுக்கூட்டத்துக்கு வந்து கணக்குக் கேட்கும் ஆள்கள்தாம் குறைவு.