பார்க்கின்சன் நோய்: காணொளிவழி இயக்க மதிப்பீடு

பார்க்கின்சன் நோயாளியின் அசைவுகளைக் கைபேசியிலோ கணினிக் கேமராவிலோ பதிவுசெய்து, செயற்கை நுண்ணறிவால் அளந்து, நோயின் கடுமையைக் கணிக்கும் முறை. இது கணினிப் பார்வையின் மருத்துவப் பயன்பாடுகளில் ஒன்று.

1817இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்த இந்நோயில் நடுக்கம், விறைப்பு, அசைவு மந்தம் ஆகியன தோன்றும். வழக்கமான பரிசோதனையில் மருத்துவர் ஒவ்வோர் அசைவையும் பார்த்து 0 முதல் 4 வரை மதிப்பெண் இடுவார். கண்ணளவு என்பதால் ஒரே நோயாளிக்கு இருவர் வெவ்வேறு மதிப்பெண் இடுவதுண்டு.

காணொளி முறையில் அதிகம் ஆராயப்பட்டது விரல்தட்டுச் சோதனை. சுட்டுவிரலால் கட்டைவிரலை, இயன்றவரை அகல விரித்து, விரைவாக 10 முறை தட்டவேண்டும். மீடியாபைப் போன்ற மென்பொருள் காணொளியின் ஒவ்வொரு சட்டகத்திலும் கையில் 21 புள்ளிகளைக் குறிக்கும். இரு விரல்நுனிகளின் இடைவெளி அலைக்கோடாக வரையப்படும். தட்டத் தட்ட வீச்சு குறுகுவதும், நடுவே விரல் தயங்கி நிற்பதும், தாளம் பிசகுவதும் எண்களாகக் கிடைக்கும். இந்த வீச்சுக் குறுக்கமே நோயறிதலில் முக்கியமான தடயம். ரோச்செஸ்டர் பல்கலைக்கழகக் குழுவினர் 2023இல் வெளியிட்ட ஆய்வில் 250 பேரின் பதிவுகள் அளக்கப்பட்டன. கணினியின் கணிப்பு, நிபுணர்களின் துல்லியத்தை நெருங்கியது. நடை, கை விரித்து மூடல், கால்தட்டு ஆகியனவும் இவ்வாறே அளக்கப்படுகின்றன.

வீட்டிலிருந்தே அடிக்கடி பதிவுசெய்ய இயல்வதால், இந்நோய்க்குத் தரப்படும் லெவோடோபா மருந்தின் வேகம் ஏறி இறங்குவதைத் தொடர்ந்து காணலாம். தொலைவிலுள்ள நோயாளிகளுக்கு இது பெரிய உதவி. விறைப்பை மட்டும் காணொளி காட்டாது. மருத்துவர் மூட்டை அசைத்தே உணரவேண்டும். மங்கிய வெளிச்சமும் தவறான கேமராக் கோணமும் அளவைப் பிழையாக்கும்.